தளர்ந்த மூலை

விரிப்பின் இரு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, ஓர் உதறு உதறி, எதிர்முனையை நோக்கி நடக்கிறார். மூலையோடு மூலை சேர்கிறது. பின்வாங்கி, மறுபடி நடை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பகல் முழுவதும் இதுதான் வேலை. ஈரம் இருக்கிறதா என்று புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கை பொய் சொல்லுமாம்.

வேலையில் குறை வைக்காத மனிதர். ஆனால் தினமும் தேநீர் இடைவேளைக்கு முன், ஒரு விரிப்பின் இடது மூலையை மட்டும் வேண்டுமென்றே தளர விடுவார். தரையைத் தொடாத அளவுக்குத்தான். தொட்டால் மறுபடி துவைக்க வேண்டும். எதிர்முனையில் நிற்பவள் அந்த ஊரிலேயே பிறந்த, அகன்ற தோள்களுடைய பெண்மணி. உடனே திட்டுவாள். அவர் முகம் தெளிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து அங்கே குடியேறிய புதிதில் அவரை யாரும் திட்டவில்லை. கூடத்தில் அவர்கள் வாய்க்கு வந்தபடி ஒருவரையொருவர் ஏசிச் சிரிப்பார்கள். அவர் பக்கம் திரும்பினால் மட்டும் குரல் தணியும், “தயவுசெய்து”, “மன்னிக்கவும்.” வருடக்கணக்கில் இப்படியே.

“மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆனா விருந்தாளி நாற்காலியிலயே எத்தனை நாள் உக்காந்திருக்கிறது?” என்று மனைவியிடம் அலுத்துக்கொள்வார்.

ஒருநாள் கை மெய்யாகவே நழுவியது. வெளுத்த விரிப்பு தரையில் விழ, எதிர்முனைக்காரி பொரிந்து தள்ளினாள். வீடு திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

“இன்னிக்கு என்னைத் திட்டிட்டா.”

“அதுக்கு ஏன் பல்லக் காட்றீங்க?”

“கண்ண வீட்டுல கழட்டி வெச்சிட்டு வந்தியான்னு கேட்டா. அங்கேயே வேலை பாக்கிற அவ தம்பியையும் இப்படித்தான் கேப்பா.”

“நான் இத்தனை வருஷமாத் திட்டினதெல்லாம் எந்தக் கணக்குல போச்சு?”

அன்றிலிருந்து வந்ததுதான் அந்தத் தளர்ந்த மூலை. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றும். சொன்னால் பழைய மரியாதை திரும்பி வந்துவிடுமோ என்று பயந்து, வாயை மூடிக்கொள்வார். பதிலுக்கு யாரையும் ஒரு வார்த்தை ஏசியதில்லை. அந்த உரிமை தனக்கு உண்டா என்பது அவருக்குத் தெரியவில்லை.

நேற்று மூலையைத் தளர விட்டுக் காத்திருந்தார். அவள் வாய் திறக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டாளோ? மறுபடி அந்த விருந்தாளி நாற்காலிதானோ?

அடுத்த விரிப்பு. இம்முறை அவள் பக்கத்து மூலை தொங்கியது. அவள் அதை எடுக்கவில்லை; அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கண்ண வீட்டுல கழட்டி வெச்சிட்டு வந்தியா?” என்று அவள் மொழியிலேயே கேட்டுவிட்டு, அவள் ஓரடி தடுமாறி முன்னால் வரும்படி, விரிப்பை வெடுக்கென்று இழுத்தார்.