அசையாத எலும்பு

நல்லூரில் என் வீட்டு முன்னறையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். போன வருடம் ஒருநாள், சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்ற மூன்று சின்ன எலும்புகளும் செவிப்பறையின் அதிர்வை உட்காதுக்குக் கடத்தும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே எங்கள் குழந்தை வீரிட்டு அழுதது. குசினியில் தேநீர் போட்டுக்கொண்டு நின்ற மனைவியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. குழந்தை பிறந்ததிலிருந்து அவள் இப்படித்தான். கதைத்தாலும் முணுமுணுப்பாகவே கதைப்பாள். என்மீது ஏதோ கோபம் என்றே நினைத்திருந்தேன்.

"உவ சரியான செவிடு. வெடி வைச்சாலும் திரும்ப மாட்டா" என்றேன். மாணவர்கள் சிரித்தார்கள். தேநீருடன் வந்துகொண்டிருந்த அவளும், எல்லோரும் சிரிப்பதைக் கண்டு சேர்ந்து சிரித்தாள்.

என்ன சொன்னேன் என்பதே அவளுக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏந்தியுரு அசையாமல் இறுகிப்போச்சு. பிள்ளை பிறந்தாப்பிறகு சிலருக்கு இது கூடும். தன்ரை குரல் மண்டையோட்டு எலும்பு வழியாத் தனக்குப் பெரிசாக் கேக்கிறதாலைதான் மெல்லக் கதைக்கிறா" என்றார், நான் அவளைக் கூட்டிப்போய்க் காட்டிய காது வைத்தியர்.

வெளியே வந்ததும், ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"சொன்னா இன்னும் ஏசுவியள் எண்டு பயந்தன்."

சத்திரசிகிச்சைக்குப் பிறகு காது கேட்கத் தொடங்கியது. வீடு திரும்பிய அன்று, பழக்கதோஷத்தில் முன்னறையிலிருந்து உரத்த குரலில் அவளைக் கூப்பிட்டேன். திடுக்கிட்டு ஓடிவந்தாள்.

"ஏனப்பா, இவ்வளவு நாளும் இப்பிடியே கத்தினனீங்கள்?"

அவள் குறை சொல்லவில்லை; அறியத்தான் கேட்டாள். அன்றிலிருந்து எதைக் கேட்பதென்றாலும் எழுந்து அவளருகே போய்த்தான் கேட்கிறேன்.