கீழ்வீட்டுச் சாளக்கிராமம்

கார்த்திகை இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால். கீழ்வீட்டு அம்மாள் ஒரு வெள்ளிக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு மாடியில் என் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே, படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், அவர் கணவர். வியாழக்கிழமை அவருக்கு இதயத்தில் ஆபரேஷன். இனித் தள்ளிப்போட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

கிண்ணத்தில் இருந்த அவர்கள் பூஜையறைச் சாளக்கிராமம் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. லண்டனிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கொடுத்த கல் அது. சுருளைப் பார்த்துச் சக்கரம் என்றும், பொன் மினுக்கைப் பார்த்து மிக உசத்தி என்றும் கணவரே முடிவுசெய்து பூஜையில் வைத்திருந்தார். அன்று முதல் தினமும் அபிஷேகம்.

"இது சாளக்கிராமமா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க சார். நிஜமானதா இருந்தா, விரிசல் விட்டது அபசகுனம், இந்த வாரம் இவரை ஆபரேஷனுக்கு அனுப்ப மாட்டேன்."

"இவராவது, ஒரே வார்த்தையில சொல்றதாவது!" என்றார் கணவர், மூச்சு வாங்கியபடி. "தேதி, கிழமை போட்டுத்தான் ஆரம்பிப்பாரு."

பழங்காலக் கற்களைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். உட்சுருள்கள் எல்லாம், சுற்றிவைத்த கயிறுபோல, வெளியே தெரிந்தன. விலாக்கள் தடித்து, நேராக, கிளை பிரியாமல், தள்ளித் தள்ளி இருந்தன. வெளிவிளிம்பில் தாழ்வான ஒரு முகடு. அதன் இருபுறமும் பள்ளம் இல்லை. புத்தகப் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். எக்கியோசெரஸ் ராரிகோஸ்டேட்டம். ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரியின் புதைபடிவம். விரிசலுக்குள் வெளிறிய மஞ்சள் பொடி; முகர்ந்தால் எரிந்த தீக்குச்சி வாசனை.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல் போதும்.

"நேபாளத்துல கண்டகி ஆத்துல கிடைக்கிற சாளக்கிராமமும் அம்மோனைட்தான்மா. அதே வம்சம். இது இங்கிலாந்துக் கடற்கரைக் கல். அதைவிட இன்னும் பழசு."

"இன்னும் பழசா?" அம்மாளின் முகம் வெளுத்தது.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். மினுக்குவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது, ஈரம் பட்டுப் பட்டுத் தன்னைத்தானே அரித்துக்கொள்ளும் என்று விளக்கினேன்.

"அப்போ தினமும் தண்ணி ஊத்தி நாங்களேதான்..."

கணவர் கிண்ணத்தை வாங்கி என் மேஜைமேல் வைத்தார்.

"நான் போறேன், வியாழக்கிழமை போறேன். திரும்பி வர்ற வரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும் சார். இவளுக்கு அது உடையக் கூடாது, அவ்வளவுதான்."

மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேகரித்து, கல்லோடு ஒரு டின்னில் போட்டு மூடினேன். கல்லுக்கும் இதயத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். மூடியைத் திறந்தால் மழைக்காற்று உள்ளே போகும் என்பதும் தெரியும். ஆனாலும் புதனன்று நான்கு முறை திறந்தேன்.

வியாழன் விடியற்காலை, கொட்டும் மழையில், அவர்களின் கார் அஸ்தினாபுரம் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்புவதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். பதினொன்று நாற்பதுக்கு மறுபடியும் டின்னைத் திறந்தேன். கல் இரண்டாகக் கிடந்தது.

இரண்டரைக்கு அம்மாளிடமிருந்து போன் வந்தது.

"ஆபரேஷன் முடிஞ்சிது சார். இன்னும் கண்ணு முழிக்கல. ராத்திரி தாண்டணுமாம்." மறுமுனையில் யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். "கல்லு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கும்மா" என்றேன்.

அன்றைய டைரிக் குறிப்பில் பதினொன்று நாற்பது என்று எழுதியிருக்கிறேன். அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.