கல்லில் இருந்த இரண்டாவது பெயர்

இறந்தவரின் கோபத்தை உயிரோடு இருப்பவர் எடுத்துக்கொள்ளலாமா? எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேதான் எடுத்துக்கொண்டேன்.

சித்தூர் பேருந்து நிலையத்தில் திருப்பதி பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது என் தோழி சுலோச்சனாவின் தம்பி போன் செய்தான். "எங்கக்கா போயிட்டாங்கக்கா." மஞ்சள் காமாலை என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். தேறிவிடுவாள் என்றுதான் நானும் இருந்தேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

அவளை அறிந்த உங்களுக்கு அவளுடைய அறையும் தெரியும். பிச்சாட்டூர் பக்கம் நிலமில்லாத வீட்டில் பிறந்து, திருப்பதியில் என்னோடு விடுதியில் தங்கிப் படித்து, அதே பல்கலைக்கழகத்தில் மாணவர் நல உதவியாளராகச் சேர்ந்தவள். அழுதுகொண்டு வரும் பெண்ணிடம் என்ன பிரச்சினை என்று கேட்கவே மாட்டாள். "துன்னியா?" என்பாள். அப்புறம் ஒரு முறம் வேர்க்கடலையை முன்னால் தள்ளுவாள். "உரி. பேசறதும் பேசாததும் உன் இஷ்டம்." எனக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் பாதி முறம் தீர்வதற்குள் எல்லோரும் பேசினார்கள்.

கார்வேட்டிநகரத்திலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிப்போக வந்தார். அவரையும் உரிக்க வைத்தாள்.

"அமெரிக்கா மாப்பிள்ளைம்மா. பாஸ்போர்ட்டு வச்சிக்கினு நிக்கறான். இவ இன்னும் படிச்சிக்கினே இருக்கறா."

"அவரு பாஸ்போர்ட்டு வச்சிருக்காரு நைனா. உங்க பொண்ணு அங்க போயி என்னா வச்சிருப்பா?"

அவர் கையிலிருந்த கடலையை உரித்து முடித்தார். புத்தூர் பஸ்ஸில் தனியாகத்தான் ஊர் திரும்பினார்.

அந்த நாட்களில்தான் கம்பெனிகள் வளாகத்துக்கே வந்து ஆளெடுக்க ஆரம்பித்தன. டீன் ஒருநாள் அறை வாசலில் நின்று தரையில் கிடந்த தோலைப் பார்த்தார். "இதி ஆஃபீஸா, மார்க்கெட் யார்டா?" என்றார் தெலுங்கில். அடுத்த வாரமே அறையைப் பூட்டி, கம்பெனிக்காரர்கள் உட்கார ஏ.சி. போட்டார். சுலோச்சனாவைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார். அந்த ஆண்டு பாதியில் படிப்பை விட்டுப் போன பெண்களிடம் ஏன் என்று கேட்க ஆளில்லை. புகார் கொடு என்று நான் கத்தினேன். "விடுடி. அவரத் திட்டற நேரத்துல ஒரு பொண்ணுகிட்ட பேசலாம்" என்றாள். பிறகு மதிய இடைவேளைகளில் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து பேசினாள். அங்கும் உட்காரக்கூடாது என்று அவர் ஆள் அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை அதே மனிதர். ஓய்வுபெற்று, தலை நரைத்து, குரல் குழைந்திருந்தது. "அந்த அறை நான் கண்ட கனவு. சுலோச்சனா என் தங்கச்சி மாதிரி."

மேடைப் பேச்சு எனக்கு வராது. உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து நின்றேன். "சார், அந்த ரூமுக்குப் பூட்டு போட்டது யாரு?"

"துக்கத்துல பேசற பேச்சாம்மா இது?"

பின்வரிசையில் அவளிடம் கடலை உரித்த ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்: "நீங்கதான சார் போட்டீங்க!" யாரோ சிரித்தார்கள். அவர் தண்ணீர் கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

கூட்டம் முடிந்ததும் தம்பி என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனான். புதிதாகத் திறக்கவிருக்கும் மாணவர் ஆலோசனை மையத்துக்கு அவள் பெயராம். கல்வெட்டு தயாராகச் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் பெயருக்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'இப்பணிக்கு வித்திட்டவர்' என்று டீனின் பெயர். "இத எப்படிக்கா வுடறது?" என்றான். நான் பதிவாளரிடம் போய், டீன் பெயரை எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "குடும்பத்தார் இஷ்டம்" என்றார்.

சுலோச்சனா திட்டாமல் விட்ட திட்டு அத்தனையும் இப்போது என்னிடம் இருக்கிறது. அவளுடைய பொறுமை எனக்கு வரவில்லை. வேண்டவும் இல்லை.

மறுநாள் காலை தம்பியும் நானும் கல்தச்சரை அழைத்து வந்தோம். அவர் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "சார் பேரை எடுத்தா அந்த எடம் பள்ளமா தெரியும்மா. அசிங்கமா இருக்கும்."

"தெரியட்டும்" என்றேன்.

அவர் உளியை எடுத்தார்.