முகம் இல்லாத கண்டாக்கு

போன வாரம் ஒரு விரிவுரையாளர் என்னைத் தேடி வந்தார். சின்ன வயசு, தாடி, தோளில் துணிப்பை. பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். ஏதோ ஒரு நூலகத்தில் கிடந்த பழைய மாதப் பத்திரிகையிலிருந்து எடுத்த நகல்கள். 'கவ்வாத்து வீரன்' படக்கதை, முதல் பகுதி. வரைந்தது நான்தான். அறுபது வருஷம் கழித்துப் பார்த்தால் கை கால்களெல்லாம் முள்ளங்கி மாதிரி இருந்தன.

"ஐயா, வில்லனுக்கு நீங்க முகமே போடல. நாலு பக்கத்திலயும் முதுகுதான். அதிகாரத்துக்கு முகம் கிடையாதுன்னு அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கீங்க" என்றார். கண்ணெல்லாம் மின்னியது.

அதிகாரத்துக்கு முகம் இருந்தது. மீசையும் இருந்தது. நான்தான் பயந்துபோய் அழித்தேன். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்த மனிதரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். நகல்களை என்னிடமே விட்டுப் போனார். உங்களிடம் சொல்வதற்கு என்ன, சொல்கிறேன்.

நகல்களை முகர்ந்து பார்த்தேன். மருந்துக்கடை வாசனை. அசல் தாள்களில் வறுத்த தேயிலை மணக்கும். இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் அப்போது எனக்கு வேலை. தகரத் தட்டில் வெட்டிய எழுத்துகளைத் தேயிலைப் பெட்டியின் மேல் வைத்து, கறுப்புச் சாயம் தோய்த்த தூரிகையால் குத்த வேண்டும். தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், எடை. எழுத்தை வெட்டியது எவனோ. நான் குத்துவது மட்டும்தான். ஆனாலும் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் என்னை ஆர்ட்டிஸ்ட் என்றார்கள். நான் மறுக்கவில்லை. முடியைக் கொஞ்சம் நீளமாக வளர்த்துக்கொண்டேன்.

அட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் பெரியவர், நானா என்போம், அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டீஸ், இடையில் ஒரு மாதப் பத்திரிகை. "தம்பி, நாலு பக்கத்துக்குப் படக்கதை ஒண்டு போட்டுத் தாங்க. நல்லா இருந்தா மாசா மாசம் போடுவம்" என்றார். நான் அன்றைக்கே தோட்டத்தை விட்டுப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு நடந்தேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு புனைபெயரும் பிறந்துவிட்டது. இடிமுழக்கம். சிரிக்காதீர்கள்.

என்ன கதை என்பதில் குழப்பமே இல்லை. அந்தக் கிழமைதான் எங்கள் கண்டாக்கு, மலையில் எல்லாரையும் வேலை வாங்குகிறவர், என் அம்மாவைப் பெரட்டிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார். ஆள் கூப்பிடும் இடத்துக்கு அம்மா பிந்தி வந்தது இரண்டு நிமிஷம். மழையில் நின்று கெஞ்சியது அரைமணி நேரம். அந்தக் கோபம் என் கைக்கு இறங்கிவிட்டது. சாயப் பெட்டி வந்த காக்கித் தாளில், ஒரே மூச்சில், பன்னிரண்டு கட்டம் கிறுக்கினேன். கண்டாக்கு அப்படியே வந்து விழுந்தார். இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை, பெருச்சாளிக் கண், முட்டிவரை மேசு என்கிற காலுறை, கையில் பிரம்பு. என் வாழ்நாளில் நான் ஒழுங்காக வரைந்த ஒரே முகம் அது.

வீரனுக்கு ஆள் வேண்டும். என் கூட்டாளி சன்னாசி இருந்தான். தேயிலைச் செடியை மட்டம் தட்டி வெட்டும் கவ்வாத்து வேலையில் அவனுக்கு ஈடு கிடையாது. இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டு, புருவத்தை இரண்டாகப் பிரித்திருக்கும். அந்த வருஷம் கவ்வாத்துக் கோஷ்டியை நடத்தும் கங்காணி வயசாகி வேலையிலிருந்து நிற்கிறார், அடுத்தது சன்னாசிதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். முடிவு செய்வது கண்டாக்கு. சன்னாசி இப்போதே கங்காணி மாதிரி கோட்டு ஒன்று வாங்கி, போடாமல் மடித்து வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் அவனைத் தேயிலைப் பெட்டிமேல் ஏற்றி நிறுத்தினேன். கத்தியைத் தலைக்கு மேல் ஓங்கச் சொன்னேன்.

"இது என்னாடா கிறுக்குத்தனம்? கவ்வாத்துக் கத்திய மேலருந்து கீழ வெட்டுனா கொப்பு பொளந்துரும்."

"மாப்ள, நீ செடிய வெட்டல. வில்லன வெட்டுற."

"யார வெட்டுனாலும் கீழருந்து மேலதான் வெட்டணும். சாய்வா. இல்லன்னா தண்ணி நின்னு அழுகிரும்."

அவன் மனைவி பவளம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணே, அந்தாளு சண்டைக்கு நிக்கிற மாதிரி இல்லீங்க. ஆட்டுக்குக் கொழ ஒடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். படக்கதையின் வீரன் கடைசியில் அவன் சொன்னபடியே கீழிருந்து மேலே வெட்டினான். அந்தக் கட்டங்களில் வில்லன் ஏன் துள்ளுகிறான் என்று யாருக்கும் புரியவில்லை.

சன்னாசிக்குக் காக்கித் தாளைக் காட்டினேன். கண்டாக்கின் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், உசுரோட இருக்காருடா" என்றான். அந்தச் சொல்லைக் கேட்டதும் தாளைப் பிடுங்கிச் சட்டைக்குள் சொருகிக்கொண்டேன்.

இனி வேலை முறையைச் சொல்கிறேன். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததால் நானே கண்டுபிடித்த முறை. முதல் கிறுக்கலின் பின்பக்கத்தில் பென்சில் கரியைத் தேய்த்து, நல்ல தாளின்மேல் வைத்து, கோடுகளின்மேல் அழுத்தி வரைந்தால் படம் கீழே இறங்கும். பிளைவுட் பலகைதான் மேசை. கண்டாக்கின் மீசைக்கு வந்தபோது என் கை தயங்கியது. மீசையின் நுனியை மட்டும் குறைத்துவிட்டேன். கொஞ்சம்தானே.

அடுத்து பென்சிலில் திருத்துவது. அன்று மாலை கண்டாக்கு தொழிற்சாலைப் பக்கம் வந்து போனார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் அன்றிரவே மீசையை முழுக்க எடுத்தேன். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயம் சரிதான். அதையும் மறுக்க மாட்டேன்.

மை போடும்போது வசனம் எழுத வேண்டும். வசனத்துக்கு நான் போடும் குமிழ் எப்போதும் சிறியதாகிவிடும். "தோட்டத்தைவிட்டே துரத்திவிடுவேன்" என்று எழுத இடம் போதாமல் வில்லன் நான்கு பக்கமும் "டேய்!" என்று மட்டும் சொன்னான். மீசை இல்லாத முகத்தில் கண் இன்னும் அவர் கண்ணாகவே இருந்தது. அதன்மேல் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். கண்ணாடி போட்ட பிறகு தாடை காட்டிக்கொடுத்தது. சவர பிளேடால் தாளைச் சுரண்டினேன், வெள்ளைச் சாயம் பூசினேன், மறுபடி வரைந்தேன், மறுபடி சுரண்டினேன். ஒரு கட்டத்தில் தாளே ஓட்டையாகிவிட்டது. பின்பக்கம் ஒட்டுப் போட்டு, விரக்தியில், அவரைத் திருப்பி நிறுத்தினேன். எல்லாக் கட்டத்திலும் முதுகு. சன்னாசியின் முகத்தில் நான் ஒரு கோட்டையும் மாற்றவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று புருவ வெட்டுக்கு இன்னொரு தடவை மை போட்டேன்.

பனி மூட்டத்தில் மை காயவில்லை. தேயிலை வறுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தாள்களைச் சாத்திவைத்தேன். தூசி ஈர மையில் ஒட்டிக்கொண்டது. அப்படியே எடுத்துப்போய் அச்சகத்தில் கொடுத்தேன். அது கொழும்புக்குப் போய், துத்தநாகத் தகட்டில் பிளாக் ஆகி வந்தது. தேயிலைத் தூசியும் புள்ளி புள்ளியாக அச்சில் விழுந்தது. நானா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மழை நல்லா வந்திரிக்கி தம்பி" என்றார். மீசை முகம் இருந்த காக்கித் தாளை அதற்கு முன்பே இயந்திரத்தின் அடுப்பில் போட்டுவிட்டேன்.

பத்திரிகை தோட்டத்துக்கு வந்தது. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு லயம் லயமாகப் போனது. எழுத்துத் தெரியாதவர்களும் பார்த்தவுடனே சொன்னார்கள், "அட, நம்ம கண்டாக்கு!" முகத்தை எடுத்த நான் பிரம்பை எடுக்க மறந்திருந்தேன். எங்கள் கண்டாக்கு நின்றால் பிரம்பின் நுனியால் தன் பின்னங்காலை, மேசின்மேல், தட்டிக்கொண்டே நிற்பார். அதை அப்படியே போட்டிருந்தேன். மலையில் குனிந்து வேலை செய்கிறவர்கள் அவர் முகத்தையா பார்த்தார்கள்? காலையும் பிரம்பையும்தான் பார்த்தார்கள். இது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

கண்டாக்கு பத்திரிகையை மேசுக்குள் சொருகிக்கொண்டு பெரட்டுக்கு வந்தாராம். நான் அங்கே இல்லை. தொழிற்சாலையில் பெட்டி குத்திக்கொண்டிருந்தேன். பவளம் சொல்லித்தான் தெரியும்.

"வீரரே, முன்னுக்கு வாங்க" என்று சன்னாசியைக் கூப்பிட்டிருக்கிறார். "யாரு போட்டது இது?"

"தெரியாதுங்க."

"ஒன் மூஞ்சி இருக்கு. ஒனக்குத் தெரியாது?"

"என்னைய மாதிரி மூஞ்சி ஆயிரம் பேருக்கு இருக்குங்க."

"புருவத்துல வெட்டோடயா?"

பெரட்டில் நின்ற அத்தனை பேருக்கும் இடிமுழக்கம் யார் என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் அம்மாவும் அங்கேதான் நின்றிருக்கிறாள். கங்காணி வேலை வேறு ஒருவருக்குப் போனது. சன்னாசியைக் கல்லுமலைக்கு அனுப்பினார்கள். அங்கே செடியைவிடப் பாறை அதிகம். கத்தி நாளுக்கு நாலு தடவை மழுங்கும்.

பெரட்டில் பேர் போட்டுவிட்டு, பவளம் தேயிலையில் குச்சி பொறுக்கும் வேலைக்கு எங்கள் தொழிற்சாலைக்குத்தான் வருவாள். பெட்டிகளுக்கு நடுவே வந்து நின்றாள்.

"வீரனுக்கு ஒங்க மூஞ்சிய வச்சிருக்கலாமில்லண்ணே?"

"என் மூஞ்சி வீரனுக்கு ஒத்து வராது, பவளம்."

"அது தெரியுமுங்க" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் கண்டாக்கிடம் போய் ஒப்புக்கொள்ளப்போவதாகச் சன்னாசியிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அவன், "வுடுடா, ஒங்கம்மா எங்க போகும்?" என்றான். நாலாவது தடவை நான் சொல்லவில்லை. அவன் தடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவனிடம் சொன்னேன் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும்.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "மொதல்ல போட்டியே, மீசையோட, அந்தப் படத்தக் குடு. பெட்டியில வச்சுக்கிறேன்."

எரித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு போட்டுத் தருகிறேன் என்றேன். போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கோபம் போட்ட முகத்தைப் பயம் பிடித்த கையால் வரைய முடியாது போலிருக்கிறது. இரண்டாம் பகுதி கேட்டு நானா ஆள் அனுப்பினார். "வில்லன் ஆருண்டு சனம் கேக்குது" என்றாராம். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் காய்ச்சல் இன்னும் விடவில்லை.

சில வருஷங்களில் சன்னாசி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் புறப்பட்டான். அவன் பிறந்தது இந்தத் தோட்டத்தில். அவன் அப்பா பிறந்ததும் இங்கேதான். நாடு இல்லாதவன் என்று அரசாங்கத் தாளில் எழுதி, கண்டிராத ஊருக்கு ரயிலேற்றினார்கள். அதைச் செய்தவர்களுக்கும் முகம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. அட்டன் ஸ்டேஷனில், மடித்து வைத்திருந்த அந்தக் கங்காணிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். அப்போதுதான் முதல் தடவையாகப் போட்டிருந்தான். அக்குளில் இறுக்கியது.

"இப்பவாச்சும் போட்டு அனுப்புடா. மீசையோட" என்றான்.

ஒரே ஒரு கடிதம் வந்தது. அங்கேயும் தேயிலைத் தோட்டம்தானாம், கவ்வாத்துதானாம். அடியில் 'படம் வரவில்லை' என்று ஒரு வரி.

நானாவின் அச்சகம் இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். கல்லுமலையில் தேயிலை இல்லை, சவுக்கு நிற்கிறது. கண்டாக்கு செத்து எத்தனையோ வருஷம். விரிவுரையாளர் போன பிறகு நகலைத் திருப்பி, பின்பக்கத்து வெள்ளையில் பேனாவை வைத்தேன். யாருக்கு இனிப் பயம்? மீசை நன்றாக வந்தது. இரண்டு பக்கமும் முறுக்கு. அதற்கு மேலே கண் எப்படி இருந்தது, மூக்கு எப்படி இருந்தது, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தாளை மறுபடி திருப்பினேன். சன்னாசி கத்தியைக் கீழிருந்து மேலே ஓங்கிக்கொண்டு, வெட்டுப் பட்ட புருவத்தோடு, என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.