சாமிச் செடியில் நூல் எடுத்த கதை

ஆய்வுக்கூட வேலைன்னா வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு, ஏசியில உட்கார்ந்து, கண்ணாடிக் குழாயை ஆட்டிப் பார்க்கிறதுன்னு ஊரே நினைச்சுக்கிட்டிருக்கு. அது ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடுற வேலைன்னு ஓடினவங்களுக்குத்தான் தெரியும். அப்படி ஓடின சக பாவப்பட்ட ஜென்மங்களே, இது உங்களுக்காக.

எண்பதுகளோட ஆரம்பம். கோலாலம்பூர்ல ஒரு பல்கலைக்கழகம், அதுல மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடம், அதுல நான் ஒப்பந்த உதவியாளர். தேயிலை இலைக்குள்ள இருக்கிற டி.என்.ஏ.வைப் பிரிச்செடுக்கணும். குளிர்பெட்டி, சுழற்றுற மெஷின் எல்லாம் கோலாலம்பூர்ல இருந்துச்சு. இலை கேமரன் மலையில, ரிங்லெட்டுக்கு மேல ஒரு தோட்டத்துல இருந்துச்சு. நான் பாதி நாள் ரெண்டுக்கும் நடுவுல, தாப்பா ரோட்டு வளைவுல தொங்கிக்கிட்டிருந்தேன்.

மீன் வாசம்

பறிச்ச இலை வாடாம வரணும்னா ஐஸ் வேணும். ரிங்லெட்ல அப்போ எனக்கு ஐஸ் கொடுக்க இருந்தது ஒரே ஆள், மீன்காரர். அதனால என் பெட்டியைத் திறக்காமலே பஸ் முழுக்க மூக்கைப் பொத்தும். ஒரு நாள் கண்டக்டர் பொறுக்க முடியாம, "பெட்டியைத் தொற"ன்னுட்டார். தொறந்தேன். உள்ள வெள்ளித்தாள்ல சுத்தின பச்சை இலைப் பொட்டலங்கள். அவர் ஒண்ணைப் பிரிச்சு, மோந்து பார்த்து, திரும்ப வச்சுட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கே, இப்பவும் உடம்பு கூசுது.

"தேயிலைக்கா இவ்வளவு ஐஸ்? தாப்பாவுல இறங்குனா கடையில தூளாவே விப்பாங்க லா, தங்கச்சி."

தேத்தண்ணி

இலையை உறைய வச்சு அரைச்சு, மருந்தெல்லாம் சேர்த்துச் சுத்த விட்டு, கடைசியில ஆல்கஹாலை மெதுவா ஊத்தினா டி.என்.ஏ. வெள்ளை நூலா மிதந்து வரணும். எனக்குப் பழுப்பாத்தான் வந்துச்சு. கொழுந்துல இருக்கிற துவர்ப்பு நாம அரைச்ச மறு நிமிஷமே சிவந்து, டி.என்.ஏ.வோட ஒட்டிக்கும், ரெண்டையும் பிரிக்கவே முடியாது. மருந்தை மாத்தினேன். அளவை மாத்தினேன். அரைக்கிற கல்லைக்கூட மாத்தினேன். நாற்காலியில ஒழுங்கா உட்கார்ந்த ஞாபகமே இல்லை. மெஷின் சுத்தி முடிக்கிற வரைக்கும் தாழ்வாரத்துல நடந்துக்கிட்டே இருப்பேன்.

இதுல இன்னொரு இடி. என் ஒப்பந்தம் தீபாவளியோட முடியுது. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதுற கிராணியா இருந்த எங்க அப்பா, ஈப்போவுல ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வச்சிருந்தார். அவங்களுக்கும் தீபாவளிக்குள்ள பதில் சொல்லணும். வேலை நீடிச்சா நான் படிக்கலாம். நீடிக்கலைன்னா வீட்டுக்குப் போயி மாலையைக் கழுத்துல வாங்கிக்க வேண்டியதுதான். வேலை நீடிக்கணும்னா நூல் வெள்ளையா வரணும். அவ்வளவுதான் கணக்கு. எங்க புரொபசர் யாழ்ப்பாணத்துக்காரர், கோபத்துலகூட மெதுவாத்தான் பேசுவார். என் குழாயை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார்.

"பிள்ளை, நான் டி.என்.ஏ. கேட்டனான். நீர் தேத்தண்ணியெல்லோ ஊத்திக்கொண்டு வந்திருக்கிறீர்."

குடிகார நூல்

தோட்டத்துல எனக்குத் துணை பாக்கியம் அக்கா. கொழுந்து எடுக்கிறவங்க. படிச்ச பொம்பளை யாரா இருந்தாலும் அவங்களுக்கு டீச்சர்தான். "எதுக்கு இலையை இப்படி அள்ளிட்டுப் போறீங்க?"ன்னு கேட்டாங்க. அப்பன் ஆத்தாகிட்ட இருந்து வந்த குணமெல்லாம் உள்ள ஒரு நூல்ல இருக்குக்கா, அதை எடுக்கத்தான்னேன். கூடையை இறக்கி வச்சுட்டு யோசிச்சாங்க.

"எங்க வீட்டு ஆளோட நூலையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்க டீச்சர். அந்த நாத்தம் புடிச்ச குடி அப்பன் வழியா, ஆத்தா வழியான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

சிவப்புத் துணி

மழைக்காலத்துல கொப்புள நோய் வந்து தேயிலைக் காடு முழுக்க இலை பொத்துப் போயிருந்துச்சு. நடுவுல ஒரே ஒரு செடி, ஒரு புள்ளி இல்லாம பளபளன்னு நிக்குது. நோய் தாங்குற செடி எதுன்னு பார்த்து அதோட இலையைக் கொண்டு வான்னுதான் புரொபசர் சொல்லியிருந்தார். அடுத்த தடவை வந்தா அடையாளம் தெரியணுமே. என் பழைய தாவணியில ஒரு துண்டைக் கிழிச்சு அடித்தண்டுல கட்டிட்டு வந்தேன். சிவப்புத் தாவணி. அங்கேதான் புத்தி கெட்டுப் போச்சு.

திரும்பப் போனப்போ செடிக்குக் கீழ மூணு கல்லு, மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். மேல நாலு கம்பு நட்டு தகரக் கூரை. வெயில் படக்கூடாதுன்னு சுத்தி சாக்கு வேற. நோய் தொடாத செடி, சிவப்புத் துணி வேற கட்டியிருக்கு. முனியாண்டி வந்து உட்கார்ந்துட்டார்னு தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துல முடிவு பண்ணிட்டாங்க. நான் பதறிப்போயி, அவங்களை வேலை வாங்குற மாரிமுத்து கங்காணிகிட்ட ஓடினேன். அது நான் அடையாளத்துக்குக் கட்டினது, சாமியும் இல்லை ஒண்ணும் இல்லைன்னு தலையில அடிச்சுக்காத குறையா சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். செடியை இல்லை, என்னை.

"அதான் டீச்சர், சாமி உங்க கையால கட்ட வச்சிருக்கு."

பூ கட்டிப் பார்த்தது

இனி அதுல கொழுந்து கிள்ளக்கூடாதாம். தீபாவளி நெருங்குது, எனக்கு வேணுங்கிற ஒரே செடி தகரத்துக்குக் கீழ சாமியா நிக்குது. தோட்டத்து மேனேஜர் தொரைகிட்ட போயி உத்தரவு வாங்கியிருக்கலாம். வாங்கினா லயத்துல ஒருத்தர் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது. லயத்துக்கும் காட்டுக்கும் நடந்து நடந்து என் கால் சப்பாத்துல பாதி மலை ஒட்டியிருந்துச்சு.

பாக்கியம் அக்காதான் வழி சொன்னாங்க: பூ கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தா சாமி சம்மதம். கங்காணி, லயத்து ஆளுங்க எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. பி.எஸ்சி. முடிச்சவ, என் எதிர்காலத்தை ஒரு வெத்தலைப் பொட்டலத்துக்குள்ள வச்சுட்டு நிக்கிறேன். ஒண்ணை எடுத்துக் கொடுத்தேன். பிரிச்சா வெள்ளை. குளிச்சுட்டு வந்து, கும்பிட்டு, கொழுந்தைக் கிள்ளினேன். இறங்கி வர்றப்போ அக்கா என் காதுகிட்ட வந்தாங்க.

"ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன் டீச்சர். சாமிக்கு எதுக்கு வீண் செரமம்."

வெள்ளை

அந்த இலையில ஆல்கஹாலை ஊத்தினேன். நூல் வந்துச்சு, பஞ்சு மாதிரி, வெள்ளையா. கண்ணாடிக் குச்சியை விட்டுச் சுத்தினா சுத்திக்கிட்டே வருது. புரொபசர் பார்த்துட்டு, என்ன புதுசா செய்தனீர்னு கேட்டார். ஒண்ணுமே செய்யலை சார், தகரம் போட்டாங்கன்னு நடந்ததைச் சொன்னேன். குழாயைத் திரும்ப வெளிச்சத்துல பிடிச்சவர், வெயில் படாத இலையில துவர்ப்பு குறைவா இருக்குமே, அதுதான் சிவக்கேல்லைன்னு கண்டுபிடிச்சார். சாதாரணச் செடிக்கும் நிழல் கட்டி, அதுலயும் வெள்ளையா வருதான்னு பார்க்கச் சொன்னார். திரும்ப மலையேறி, பக்கத்துச் செடிங்களுக்குச் சாக்கு கட்டினேன். கங்காணி சட்டையை மாட்டிக்கிட்டு ஓடி வந்தார்.

"இவங்கெல்லாம் எந்தெந்தச் சாமி டீச்சர்? பேரைச் சொல்லிட்டா பொங்கல் வச்சிரலாம்."

அப்பா

அதுலயும் வெள்ளையாத்தான் வந்துச்சு. ஒப்பந்தம் நீடிச்சுது, மேல்படிப்புக்கும் பதிஞ்சுக்கலாம்னாங்க. ரப்பர் தோட்டத்து ஆபீசுக்கு போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். வந்துடுச்சுப்பா, வெள்ளையா, நூல் மாதிரின்னேன். அதை வச்சு என்ன பண்ணுவாங்கன்னு கேட்டார். எனக்கே இன்னும் சரியா தெரியாதுப்பான்னேன். பிறகு, நாள் பூரா ஒத்திகை பார்த்து வச்சிருந்ததைச் சொன்னேன்: ஈப்போக்காரங்ககிட்ட வேணாம்னு சொல்லிடுங்க, நான் படிக்கணும்.

இத்தனை நாள் காக்க வச்சுட்டு, இப்ப அவங்க முன்னாடி போயி அவர்தான் தலை குனிஞ்சு நிக்கணும். திட்டினா திருப்பிப் பேச வார்த்தை வச்சிருந்தேன். அவர் சொன்னதைக் கேட்டு தாழ்வாரத்துல நின்னு அழுதுட்டேன்.

"அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்மா. நீ நூல் அறுந்துடாம பார்த்துக்க."

மொத்தத்துல ஆய்வுக்கூட வாழ்க்கைங்கிறது, எப்ப வரும்னு தெரியாத ஒண்ணுக்காக, மாப்பிள்ளையில இருந்து சாமி வரைக்கும் வந்து நிக்கிற அத்தனை பேரையும் வாசல்லயே காக்க வைக்கிற பொழப்பு.