கசங்காத கட்டில்கள்

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு நிர்வாகியாக வந்து வாய்த்தவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், கோட்டு நன்றாகப் போடுவார். அவ்வளவுதான். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வார்டுக்குள் வருவார். நோயாளி யாராவது கூப்பிட்டால் காது கேட்காதவர்போல நடையைக் கட்டுவார். என்ன பிறவியோ! ஆனாலும் அவரை எல்லோரும் பிரெஞ்சுத் துரையைப்போல முசியே என்றுதான் கூப்பிட வேண்டும்.

நான் துணி அறைக்குப் பொறுப்பு. விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாம் என் சாவியில். உதவி நிர்வாகி வேலை காலியாக இருந்தது. எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. அந்த ஆஸ்பத்திரியை என்னால் நடத்த முடியும். அது அவருக்கும் தெரியும். அந்த வேலையைக் காட்டிக் காட்டியே என்னைச் சக்கையாகப் பிழிந்தார்.

டில்லியில் உத்தியோகம் பார்க்கும் தமிழர் ஒருவர், பெரிய அதிகாரி, பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அதுவரை புது விரிப்புகளைத் தொடக்கூடாதென்று முசியே உத்தரவு போட்டார். நோயாளிகள் வெறும் ரெக்சின்மேல் கிடந்தார்கள். அதிகாரி வரும் நாள் காலையில்தான் விரித்தோம். முசியே வந்து பார்த்தார். ஆட்கள் படுத்தால் கசங்குகிறதாம்! பெண்கள் வார்டையே காலி செய்து பின்பக்கத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

நோணாங்குப்பத்துப் பெண் ஒருத்திக்கு முந்தின நாள்தான் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்திருந்தது. அசைக்கவே கூடாதென்று சொன்ன டாக்டர் அந்த நேரம் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். அவளையும் தூக்கித் தரையில் பாயில் போட்டார்கள். நான் தடுத்துப் பார்த்தேன்.

"மதாம், அந்த உதவி நிர்வாகி வேலைக்கு நாளைக்கு நான்தான் கையெழுத்துப் போடணும். யோசிங்க" என்றார் முசியே. நான் விலகிக்கொண்டேன்.

அதிகாரி வந்தபோது வார்டு முழுக்க வெள்ளை வெளேரென்று காலிக் கட்டில்கள். நோயாளிகள் எங்கே என்று கேட்டதற்கு, எல்லோரும் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டதாக முசியே கூசாமல் சொன்னார். அதிகாரியும் தலையாட்டினார். அதுவும் ஒரு ஜென்மம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்பக்கம் போனேன். அந்தப் பெண்ணின் தையலில் ரத்தம் கசிந்திருந்தது. ஆட்களை விட்டுத் தூக்கிவரச் செய்து, அவர்கள் கண்ணெதிரிலேயே கட்டிலில் கிடத்தினேன். எப்போது சேர்ந்தாய் என்று அதிகாரி அவளைக் கேட்டார்.

"காலைல வரைக்கும் இதே கட்டில்லதாங்க இருந்தேன். நீங்க வர்றீங்கன்னு எறக்கிட்டாங்க" என்றாள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இடம் நல்ல சுத்தம் என்று முசியேயின் கையைக் குலுக்கிவிட்டு, மாலையும் கழுத்துமாகக் காரில் ஏறினார். தூ!

டாக்டர் ஓடிவந்து மறுபடி தையல் போட்டார். அவள் பிழைத்துக்கொண்டாள். உதவி நிர்வாகி வேலை முசியேயின் மைத்துனருக்குப் போயிற்று. எனக்கு நிர்வாகம் வராதென்று முசியே என்னைக் கூப்பிட்டே சொன்னார். பிற்பாடு அவர் பிரான்சுக்குப் போனார். மைத்துனர் திணறித் திண்டாடி விலகினார். கடைசியில் பொறுப்பு என்னிடமே வந்தது. ஓய்வு பெறும்வரை நான்தான் நடத்தினேன். முசியே சொன்ன நிர்வாகம் மட்டும் கடைசிவரை எனக்கு வரவே இல்லை.