டர்போ காருக்கு நான் எழுதிய பதினாறு கிலோமீட்டர்

சனிக்கிழமை காலை ஆறு நாற்பது. மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று நான் முதலில் பார்த்தது, உள்ளே ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக் காரை. கதவில் சிவப்புப் பட்டை. முன்பக்கத்தில் 'டர்போ' என்ற ஆங்கில எழுத்துகளை இடவலமாகத் திருப்பி ஒட்டியிருந்தார்கள். முன்னால் போகிறவன் தன் கண்ணாடியில் பார்த்தால் நேராகப் படித்துவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது ஏற்பாடு. எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் அப்படிப்பட்ட கார்களை விரல் விட்டு எண்ணலாம்.

காரின் சொந்தக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, முதலாளிகள் அதைத் துண்டு போட்டு விற்றபின் ஈப்போவுக்கு வந்து, ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் பொறுப்பாளராக இருந்தவர். என்னைக் கண்டதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"தம்பிதான் அந்தப் பதினாறு கிலோமீட்டரா?"

நான்தான்.

அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு ஈப்போ நிருபர். கோயில் திருவிழா, கோர்ட்டு, தோட்டத்துத் தண்ணீர்ப் பிரச்சினை, மரண அறிவித்தல் எல்லாம் என் வேலை. எதிலும் என் பெயர் வராது. மூன்று வருடம் கேட்டு ஞாயிறு பதிப்பில் வாங்கிய மோட்டார் பத்தியில் மட்டும் வரும். என்னிடம் கார் கிடையாது. கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில் போய் கார் கடைகளில் ஆங்கில பிரோஷர்களை வாங்கி வருவேன். அதைத் தமிழில் எழுதினால் பத்தி தயார்.

இந்த டர்போ காருக்கும் அப்படித்தான் எழுதினேன். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பதினாறு கிலோமீட்டர் என்று பிரோஷரில் இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் அதற்கு விளக்கம்: சமதள ரோட்டில், மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக ஓட்டினால். பத்தி மூன்று வரி நீண்டுவிட்டது. மூன்று வரியை நான் வெட்டினேன். வெட்டியதில் நட்சத்திரமும் போய்விட்டது.

காரின் சொந்தக்காரரான இவர் அந்தப் பத்தியை வெட்டி எடுத்துக் காரின் முன்பெட்டியில் வைத்திருந்தார். தங்கை மகளுக்குப் பத்து காஜா என்ற ஊரின் தேவாலயத்தில் திருமணம். தகப்பன் இல்லாத பெண். தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் அவள் பீடம் வரை நடக்க வேண்டும். மூன்று நாள் பூவுக்கும் பந்தலுக்கும் உறவினரை ஏற்றவும் இறக்கவும் கார் அலைந்தது. கல்யாணத்தன்று காலை பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. மனைவி சொன்னதற்கு இவர் சொன்ன பதிலை, பிறகு எங்கள் ஆசிரியருக்குப் போட்ட புகார்க் கடிதத்தில் இவரே எழுதியிருந்தார்: "முள் பொய் சொல்லும், கணக்கு பொய் சொல்லாது. இன்னும் நாற்பது கிலோமீட்டர் போகும், பேப்பரில் போட்டிருக்கிறான்." பத்து காஜாவுக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும்போது கார் ரப்பர் மரங்களுக்கு நடுவில் நின்றது. இவர் போய்ச் சேர்ந்தபோது பெண்ணை வேறொருவர் நடத்திக்கொண்டு போயிருந்தார்.

தங்கை அதன்பின் இவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. தப்பு பேப்பருடையது என்று பேப்பரிலேயே நாலு வரி வர வேண்டும், அதைத் தங்கையிடம் காட்ட வேண்டும். இவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆசிரியர் கோலாலம்பூரிலிருந்து தொலைபேசியில் என்னிடம் சொன்னதும் சுருக்கம்தான். "வியாழக்கிழமைக்குள்ள சரிபார்த்துச் சொல்லு. எண் சரின்னா அவருக்குப் பதில் எழுதுறேன். தப்புன்னா திருத்தம் போடுறேன். திருத்தம் வந்த பத்தி தொடராதுய்யா, தெரியும்ல?"

தெரியும்.

அளக்கும் முறை எளிது. டேங்கியை விளிம்பு வரை நிரப்புவது, ஓட்டுவது, அதே பம்ப்பில் மறுபடி நிரப்புவது. எத்தனை லிட்டர் உள்ளே போனதோ அத்தனை செலவு. ஜெலாப்பாங்கில் நிரப்பி, ஈப்போ, சிம்பாங் பூலாய், பத்து காஜா வழியாகத் திரும்பினால் மீட்டரில் அறுபத்தெட்டு கிலோமீட்டர். நான் நோட்டும் கைக்கடிகாரமுமாக இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் சுற்று வீணாய்ப் போனது. காலையில் பம்ப்பில் இருந்தவர் குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் எடுத்துவிட்டார். நாங்கள் திரும்பியபோது ஆள் மாறியிருந்தது. இவருடைய பழைய தோட்டத்து அக்கா ஒருவர் நின்றார். குழாய் நின்றதும் அவர் காரின் பின்பக்கத்தைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டினார். காற்று வெளியேறியது, மறுபடி ஊற்றினார். மறுபடி ஆட்டினார்.

"அக்கா, ஆட்டாதீங்க, அளக்குறோம்," என்றேன்.

"அளக்குறதா இருந்தா நல்லா நெறைச்சு அளங்க லா. எங்க தோட்டத்துப் பையனுக்குக் கொறையா ஊத்தி அனுப்புவேனா?"

லிட்டருக்கு ஏழரை என்று வந்தது. அதை நோட்டில் எழுதி அடித்தேன். காலையில் ஆட்டாமலும் இப்போது ஆட்டியும் நிரப்பிய டேங்கியில் எந்த எண்ணும் நிற்காது. பிற்பகலில் அதே அக்கா, அதே ஆட்டல், புதிதாகத் தொடங்கினோம். முடியும் வரை பம்ப்பை விட்டு நகரக் கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். சாப்பிடக்கூடப் போகக் கூடாதா என்று கேட்டார்.

இரண்டாவது சுற்றில் காரையும் மனிதரையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது. இறக்கம் வந்தால் இவர் கியரை நியூட்ரலில் தள்ளிக் காரை உருளவிட்டார். தோட்டத்து லாரி டிரைவர்களிடம் கற்றது.

"அண்ணே, எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டுங்க."

"எப்பவும் இப்படித்தான் தம்பி. பெட்ரோல் மிச்சம்."

இறக்கத்தில் மிச்சப்படுத்தியதை அடுத்த மேட்டில் செலவு செய்தார். சிம்பாங் பூலாயைத் தாண்டி முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வந்தது. மிதித்தார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்லிய விசில் சத்தம் எழுந்து, முதுகு சீட்டில் ஒட்டியது. லாரி பின்னால் போய்விட்டது.

"கேட்டீங்களா? உள்ள காத்தாடி சுத்துது."

"அது சுத்தும்போது பெட்ரோலும் கூடப் போகும் அண்ணே. காற்றை அதிகமாத் திணிச்சா, அதுக்கேத்த பெட்ரோலையும் ஊத்தித்தான் ஆகணும்."

"அப்ப சுத்தாம ஓட்டணும்னா நான் எதுக்கு டர்போ வாங்கணும்?"

அடுத்த லாரிக்கும் மிதித்தார்.

பத்து காஜாவில் தங்கை வீட்டு கேட்டில் நிறுத்தினார். இறங்கினார். இன்ஜினை அணைக்கவில்லை. மணி மூன்று ஐந்து.

"ஏன் அண்ணே?"

"டர்போ ரொம்பச் சூடாகும். ஆறவிட்டுத்தான் நிறுத்தணும்னு விக்கிறப்பவே சொன்னாங்க."

அது சரியான அறிவுரைதான். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். இவர் பானெட்டில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். "இது கைக்கு ஆறுற வரைக்கும்."

வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அடியில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தகடு எப்படி ஆறும்? அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து இவர் எங்கே போனாலும் இதைச் செய்திருக்கிறார். கல்யாணத்துக்கு முந்திய மூன்று நாளும், ஒவ்வொரு நிறுத்தத்திலும். காலையில் ஆளில்லாமல் கார் ஓடிக்கொண்டிருந்ததற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். கிளம்புவதற்கு முன் சூடாக வேண்டுமாம்.

தங்கை கேட்டுக்கு உள்ளேயே நின்றார். பூட்டைத் திறக்கவில்லை.

"வா அண்ணே. இன்னிக்கு எண்ணெ இருக்கா, இல்ல தள்ளிக்கிட்டு வந்தியா?"

"பேப்பர்காரத் தம்பியையே கூட்டிட்டு வந்திருக்கேன். கேட்டுப் பாரு, தப்பு யாருதுன்னு."

"பேப்பர்காரரா வந்து எம்பொண்ணு கையப் புடிக்கணும்? தாய்மாமன் எங்க எங்கன்னு ஃபாதர் ரெண்டு தடவ கேட்டாரு. நான் ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

"கணக்கு அப்படி வந்துச்சு..."

"முள்ளு கீழ கெடந்துச்சுன்னு அண்ணி சொன்னாங்களே. உனக்குக் கண்ணு எங்க போச்சு?"

இப்படியே போனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு நிமிடம். பிறகு இவர் "சரி, போயிட்டு வாரேன்" என்று காரில் ஏறிக் கதவை மூடினார். ஏர்கண்டிஷனைப் போட்டார். அப்போதுதான் தங்கை கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து, கண்ணாடியை இறக்கச் சொல்லி, உண்மையான பேச்சைத் தொடங்கினார். நம்மவர்கள் வீட்டில் விடைபெறுவது எப்போதும் இப்படித்தான். போகிறேன் என்று சொன்ன பிறகுதான் சொல்ல வேண்டியது ஞாபகம் வரும். அது பதினேழு நிமிடம். இவ்வளவு நேரமும் கார் ஓர் அடி நகரவில்லை. பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

பம்ப்பில் அக்கா இருந்தார், நல்ல வேளையாக. ஏழு புள்ளி ஏழு லிட்டர் போனது. லிட்டருக்கு எட்டு புள்ளி எட்டு கிலோமீட்டர். நான் எழுதியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

ஞாயிறு விடிந்ததும், இவர்கள் தேவாலயப் பூசைக்குக் கிளம்புமுன், காரை நான் வாங்கி ஓட்டினேன். தனியாக, ஏர்கண்டிஷன் இல்லாமல், எங்கும் நிற்காமல், பத்து காஜா ரோட்டின் சமதளப் பகுதியில் போவதும் வருவதுமாக, மணிக்கு அறுபதைத் தாண்டாமல். காய்கறி லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தன. ஒரு கப்சாய்கூட என்னை முந்தியது. காத்தாடி ஒரு தடவையும் சுற்றவில்லை. அறுபது கிலோமீட்டருக்கு நாலு லிட்டர். பதினைந்து.

பிரோஷர் பெரிய பொய் சொல்லவில்லை. அந்தக் காரை அப்படி ஓட்டத்தான் யாரும் வாங்குவதில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு சரியான எண்ணைத் தேடிப் போனவன் கையில், அடித்துவிட்டதையும் சேர்த்து, மூன்று எண்கள் இருந்தன. மூன்றையும் நானே அளந்திருந்தேன்.

சாவியைக் கொடுக்கும்போது இவரிடம் சொன்னேன். "ஒரு நிமிஷம், மிஞ்சினா ரெண்டு நிமிஷம் ஆறவிட்டாப் போதும் அண்ணே. பானெட் ஆற வேண்டியதில்ல."

வாசலில் நின்ற அவர் மனைவி சிரித்தார். "நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். இது இவரு வளக்கிற மாடு தம்பி. தூங்க வச்சிட்டுத்தான் உள்ள வருவாரு."

"வித்தவனுக்குத் தெரியாதா, உங்களுக்குத் தெரியுமா?" என்றார் இவர். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "இதெல்லாம் பேப்பர்ல வருமா தம்பி? நான் நிறுத்தாம ஓட விட்டேன்னு?"

நான் கப்சாயை மிதித்துக் கிளப்பினேன்.

அடுத்த மூன்று நாளில் அறுநூறு வார்த்தை எழுதினேன். நட்சத்திரக் குறி, அறுபது கிலோமீட்டர் வேகம், காற்றும் பெட்ரோலும், நியூட்ரல், பானெட், பம்ப்பில் ஆட்டுவது, கேட்டில் விடைபெறுவது எல்லாம் அதில் இருந்தன. நான் எழுதியதிலேயே நல்ல பத்தி அதுதான் என்று அப்போது நினைத்தேன். வியாழக்கிழமை தொலைபேசியில் வாசித்துக் காட்டத் தொடங்கினேன். ஆசிரியர் இரண்டாவது பாராவில் நிறுத்தினார்.

"எண் சரியா, தப்பா?"

"ரெண்டும்தான் சார். எப்படி ஓட்டுறாங்கங்கிறதப் பொறுத்து."

"பேப்பர்ல 'ரெண்டும்'னு போட முடியாதுய்யா. அந்த மனுஷன் எப்படி ஓட்டுறாரு?"

வழி அங்கே திறந்துதான் இருந்தது. கேட்டில் கார் ஓடியபடி நின்ற இருபத்திரண்டு நிமிடமும் பதினேழு நிமிடமும் நோட்டில் இருந்தன. அவற்றைச் சொன்னால், அவருக்கு ஒரு மரியாதையான பதில் கடிதம் போகும், பத்தி நிற்கும். சொன்னவை எல்லாம் உண்மையாகவும் இருக்கும்.

"பிரோஷர்ல நட்சத்திரம் போட்டிருந்தாங்க சார்," என்றேன். "நான்தான் விட்டுட்டேன்."

"அப்ப நாலு வரித் திருத்தம்," என்றார் ஆசிரியர்.

ஞாயிறு பதிப்பில் பதினோராம் பக்கத்தில், வலது மூலையில், திருத்தம் வந்தது. எண்ணையும் நட்சத்திரத்தின் விளக்கத்தையும் சரியாகப் போட்டிருந்தார்கள். இவர் இரண்டு பிரதி வாங்கி ஒன்றைத் தங்கைக்குக் கொண்டுபோனார். மறுநாள் தொழிற்சாலையிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"கேட்டைத் தொறந்துச்சு தம்பி. உள்ள உக்காரச் சொல்லி டீ குடுத்துச்சு. ஒண்ணும் பேசல."

"வெளிய இன்ஜின நிறுத்தினீங்களா?"

"அது எப்படி? ஆறணும்ல?"

அதற்கடுத்த ஞாயிறு, மோட்டார் பத்தி இருந்த இடத்தில் நெத்திலிச் சம்பல் செய்முறை வந்திருந்தது.